கழித்தல் தெரியாத கணக்குப்பிள்ளை

கலிஃபோர்னியா மாநில நீதிமன்றங்களுக்கான விதிகள் எல்லாம் ஒரே தொகுப்பில் இருக்கின்றன. அதன் நான்காம் தலைப்பு குற்றவியல். ஒருவனை எத்தனை ஆண்டு உள்ளே வைக்கலாம் என்று நீதிபதி எடைபோடும்போது தட்டில் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று சொல்வது அங்கேதான். ஏழாம் தலைப்பு புரொபேட். செத்துப்போனவர் விட்டுச் சென்ற வீடு, வங்கிக் கணக்கு, கார், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் நீதிமன்றத்தின் கண்ணெதிரே பிரித்துக் கொடுக்கும் சடங்கு அது.

இரண்டையும், அவற்றுக்கு மேலே இருக்கும் சட்டங்களையும் தீர்ப்புகளையும் சேர்த்துப் படிக்கிறவருக்கு ஒரு சந்தேகம் வரும். இரண்டு அறையிலும் உட்கார்ந்து பேரேடு எழுதுகிறவர் ஒரே ஆள்தானோ? கூட்டல் அவருக்கு நன்றாக வருகிறது. பெருக்கல் இன்னும் நன்றாக வருகிறது. சதவீதம் தலைகீழ்ப் பாடம். கழித்தல் மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை.

முதலில் செத்தவர்களின் அறைக்குள் போவோம். சட்டமும் அவர்களைத்தான் அதிக மரியாதையோடு நடத்துகிறது.

கலிஃபோர்னியாவில் ஒருவர் தன் பேரில் சொத்து வைத்துவிட்டு இறந்தால், உயில் எழுதியிருந்தாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி, சொத்து குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் புரொபேட் நீதிமன்றத்தின் படியேற வேண்டும். மனு போடக் கட்டணம் 435 டாலர். உள்ளூர்ச் செய்தித்தாளில் மூன்று முறை அறிவிப்பு வர வேண்டும். கடன்காரர்கள் வந்து கேட்க நான்கு மாத அவகாசம். சொத்தை மதிப்பிட மாநிலக் கட்டுப்பாட்டாளர் நியமித்த ஒரு மதிப்பீட்டாளர் உண்டு. தான் போட்ட மதிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு அவர் கூலி. விலையைக் கூட்டிச் சொன்னால் கூலியும் கூடும் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நல்ல மனிதர்கள் என்றே நம்புவோம்.

அடுத்து வழக்குரைஞர். இவருடைய கட்டணத்தை புரொபேட் சட்டத்தின் 10810ஆம் பிரிவே எழுதி வைத்திருக்கிறது. முதல் ஒரு லட்சம் டாலருக்கு 4 சதவீதம். அடுத்த ஒரு லட்சத்துக்கு 3. அதற்கடுத்த 8 லட்சத்துக்கு 2. அதற்கும் மேல் 90 லட்சத்துக்கு 1. இன்னும் மேலே போனால் அரை சதவீதம். இரண்டரைக் கோடி டாலரைத் தாண்டினால்தான் 'நியாயமான தொகை' எவ்வளவு என்று நீதிமன்றம் யோசிக்க ஆரம்பிக்கும். அதுவரை நியாயத்துக்கு வேலை இல்லை, வாய்ப்பாடே போதும். உயிலை நிறைவேற்றும் பொறுப்பில் இருப்பவருக்கும் இதே விகிதத்தில் இன்னொரு பங்கு உண்டு. வீட்டை விற்றது, வரி வழக்கு நடத்தியது போன்ற 'அசாதாரணச் சேவை'களுக்குத் தனியாக வாங்கிக்கொள்ளலாம். வழக்குரைஞர் இதைவிடக் குறைவாக வாங்கக் கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை. அந்தச் சுதந்திரத்தை யாரும் துஷ்பிரயோகம் செய்வதாகத் தெரியவில்லை.

இனிதான் கணக்குப்பிள்ளையின் கைவண்ணம். இந்தச் சதவீதம் எதன் மேல்? சொத்தின் மொத்த மதிப்பின் மேல். அதன் மேல் எவ்வளவு கடன் இருக்கிறது என்பதைப் பார்க்கக் கூடாது என்று சட்டமே சொல்லிவிட்டது. பத்து லட்சம் டாலர் வீடு, அதன் மேல் ஒன்பது லட்சம் வங்கிக் கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். செத்தவருக்கு உண்மையில் சொந்தமாக இருந்தது ஒரு லட்சம்தான். கட்டணமோ பத்து லட்சத்துக்கு. வழக்குரைஞருக்கு 23,000 டாலர், நிறைவேற்றுபவருக்கு இன்னொரு 23,000, மதிப்பீட்டாளருக்கு ஆயிரம். ஒரு லட்சத்தில் ஏறத்தாழ பாதி போயாயிற்று. 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று நாம் ஒருவரைத்தான் கொண்டாடுகிறோம். கலிஃபோர்னியாவில் வீட்டுக் கடனோடு சாகும் ஒவ்வொருவரும் சீதக்காதிதான், தன்னிடம் இல்லாததையும் கொடுக்கிற சீதக்காதி.

இருக்கிற பணம் எல்லாருக்கும் போதாவிட்டால் யாருக்கு முதலில் என்றும் அதே சட்டம் வரிசைப்படுத்தியிருக்கிறது. முதலாவது, சொத்து நிர்வாகச் செலவு. வழக்குரைஞர் கட்டணம் இதில் அடக்கம். இரண்டாவது, அடமானக் கடன். மூன்றாவது, இறுதிச் சடங்குச் செலவு. நான்காவது, கடைசி நோய்க்கு வைத்தியம் பார்த்த செலவு. ஐந்தாவதாகத்தான் குடும்பத்துக்கான படி. ஆக, வக்கீல் முன்னே போகிறார், பாடை அவருக்குப் பின்னால் போகிறது, பெண்டாட்டி பிள்ளைகள் ஆஸ்பத்திரி பில்லுக்கும் பின்னால் நடந்து வருகிறார்கள். ஊர்வலத்தின் ஒழுங்கைக் குறை சொல்ல முடியாது.

சிறிய சொத்துகளுக்கு விலக்கு இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் 2,08,850 டாலர் வரையிலான சொத்துக்கு முழுப் புரொபேட் வேண்டாம். குடியிருந்த வீடு 7,50,000 டாலருக்குள் இருந்தால் சுருக்கமான மனுவே போதும். சட்டமன்றத்துக்கு இரக்கம் பிறந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இந்த வரம்புகளும் மொத்த மதிப்பில்தான். கடனைக் கழித்தால் பரம ஏழை, கழிக்காவிட்டால் லட்சாதிபதி என்ற நிலையில் இறந்தவர் லட்சாதிபதிகளின் வரிசையில்தான் நிற்க வேண்டும்.

இதில் நம்மவர்களுக்கும் பங்கு உண்டு. ஃப்ரீமான்ட்டிலும் சன்னிவேலிலும் சான் ஹோசேயிலும் மென்பொருள் சம்பளத்தை நம்பி முப்பது வருடக் கடனில் வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்களுக்கு 7,50,000 என்ற வரம்பு ஒரு நகைச்சுவைத் துணுக்கு. அந்த விலைக்கு அங்கே தனிவீட்டின் வாசற்படியைத் தொட்டுப் பார்க்கலாம். அதனால் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் எல்லோரும் செய்வது, உயிரோடிருக்கும்போதே ஓர் அறக்கட்டளைப் பத்திரம் எழுதி, வீட்டை அதன் பேரில் மாற்றிவிடுவது. 'லிவிங் டிரஸ்ட்' என்பார்கள். அப்புறம் செத்தவர் பேரில் எதுவும் இருக்காது. எதுவும் இல்லாததால் நீதிமன்றமும் இல்லை, சதவீதமும் இல்லை. நீதிமன்றத்திடமிருந்து தப்பிக்க வழி சொல்லிக்கொடுப்பதே அங்கே ஒரு தொழிலாகிவிட்டது. அதைச் சொல்லிக்கொடுப்பவர்களும் பெரும்பாலும் வழக்குரைஞர்களே. உள்ளே போனாலும் அவருக்குக் காசு, உள்ளே போகாமலிருக்கவும் அவருக்குக் காசு.

பெரும் பணக்காரர்கள் பெரும்பாலும் இந்த வாய்ப்பாட்டில் மாட்டுவதில்லை. மாட்டுகிறவர் யார்? 'நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்றிருந்த டிரக் டிரைவர். பத்திரம் எழுதியும் வீட்டை அதில் சேர்க்க மறந்த வாத்தியார். சாவைப் பற்றிப் பேசினால் அபசகுனம் என்று நினைத்த அம்மா. இவர்கள் குற்றம், திட்டமிடாதது.

இந்த இடத்தில் விதித் தொகுப்பைப் பின்பக்கமாகப் புரட்டி நான்காம் தலைப்புக்கு வாருங்கள். தண்டனையைக் கூட்டுவதற்கான சூழ்நிலைகளை அடுக்கும் 4.421ஆம் விதியில் ஒன்று, குற்றம் திட்டமிட்டு, நுணுக்கமாக, தொழில் நேர்த்தியோடு செய்யப்பட்டது என்பது. ஏழாம் தலைப்பில் திட்டமிட்டவன் தப்புகிறான், நான்காம் தலைப்பில் திட்டமிட்டவன் கூடுதலாக மாட்டுகிறான். சரிதான், குற்றத்தைத் திட்டமிடுவதும் சொத்தைத் திட்டமிடுவதும் ஒன்றாகுமா என்று கேட்கலாம். ஆகாதுதான். ஆனால் கொஞ்சமும் திட்டமிடாமல், அற்பமாக, முட்டாள்தனமாகத் திருடியவனுக்கு இந்த மாநிலம் என்ன சலுகை கொடுத்தது என்று பார்த்துவிட்டு அப்புறம் பேசலாம்.

1992இல் ஃப்ரெஸ்னோ நகரில் கைப்பையைப் பறிக்க வந்தவர்கள் 18 வயதுப் பெண் ஒருத்தியைச் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த ஆண்டு பெட்டலூமாவில் 12 வயதுச் சிறுமியை அவளுடைய படுக்கையறையிலிருந்தே தூக்கிச் சென்று கொன்றான், பரோலில் வெளியே இருந்த ஒருவன். மாநிலமே கொதித்தது. கொதித்ததில் தப்பில்லை, அந்தக் கோபத்தைக் கேலி செய்ய எனக்கு வாய் வராது. அந்தக் கோபத்தைச் சட்டியில் ஏந்தி அடுப்பேற்றிய அரசியல்வாதிகளைக் கேலி செய்யலாம். 1994 மார்ச்சில் ஆளுநர் பீட் வில்சன் ஒரு புதுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். நவம்பரில் 184ஆம் முன்மொழிவாக மக்கள் வாக்குக்குப் போய் 72 சதவீத ஆதரவோடு வந்தது. 'மூன்று ஸ்டிரைக், நீ அவுட்.' பேஸ்பால் ஆட்டத்திலிருந்து எடுத்த முழக்கம். ஆட்டத்திலாவது அவுட்டானவன் சற்று நேரம் கழித்து அதே ஆட்டத்தில் மறுபடி மட்டையோடு வந்து நிற்பான்.

சட்டம் சொன்னது இவ்வளவுதான். கொடிய குற்றம் அல்லது பாரதூரமான குற்றம் ஒன்று பின்னணியில் இருந்தால், அடுத்த பெருங்குற்றத்துக்குத் தண்டனை இரட்டிப்பு. இரண்டு இருந்தால், மூன்றாவதாக எந்தப் பெருங்குற்றம் செய்தாலும் குறைந்தது 25 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். 'எந்த' என்ற அந்தச் சொல்லுக்குள் ஒரு சந்தையையே அடைத்துவிட்டார்கள். பெட்டலூமாச் சிறுமியின் தந்தை முதலில் ஆதரித்தார். வாசகத்தைப் படித்துப் பார்த்துவிட்டு எதிர்த்தார், தாத்தாவும் எதிர்த்தார். அவர்கள் துக்கத்தைக் கடன் வாங்கியவர்களுக்கு அவர்கள் கருத்து தேவைப்படவில்லை.

நம் கணக்குப்பிள்ளை இங்கே உற்சாகமாகிறார். பழைய ஸ்டிரைக்குக் காலாவதி கிடையாது. இருபது வருடம் ஒழுங்காக வேலை பார்த்துக் குடும்பம் நடத்தியிருந்தாலும் அந்த இருபது கழியாது. அதற்குரிய தண்டனையை முழுதாக அனுபவித்து முடித்திருந்தாலும் கழியாது. சட்டம் பிறப்பதற்கு முன்பு செய்ததும் சேரும். ஒரே வழக்கில் ஒரே நேரத்தில் தீர்ப்பான மூன்று குற்றச்சாட்டுகள் ஒன்றல்ல, மூன்று. பதினாறு வயதில் ஜூரி இல்லாத சிறார் நீதிமன்றத்தில் வந்த தீர்ப்பும் பிற்காலத்தில் ஸ்டிரைக்காக எண்ணப்படலாம் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2009இல் சொன்னது. சிறையில் நல்லபடியாக உழைத்தால் கிடைக்கும் தள்ளுபடி நாட்கள் இந்த 25 ஆண்டில் கழியாது என்று 2001இல் சொன்னது. பக்கத்து அறையில் வீட்டின் மேல் இருக்கும் கடனைப் பார்க்க மறுத்த அதே கண், இங்கே மனிதன் கட்டி முடித்த கடனைப் பார்க்க மறுக்கிறது.

இனி அற்பத் திருட்டு. சில்லறைத் திருட்டு கலிஃபோர்னியாவில் சிறுகுற்றம். ஆனால் அன்றைய சட்டப்படி, ஏற்கெனவே திருட்டுக்காகத் தண்டனை பெற்றவன் மறுபடி சில்லறையாகத் திருடினால், அரசு வழக்குரைஞர் விரும்பினால் அது பெருங்குற்றம். இந்த வித்தையைச் செய்த தண்டனைச் சட்டப் பிரிவின் எண் 666. விவிலியம் படித்தவர்கள் சிரித்துக்கொள்ளலாம், எண்ணை நான் வைக்கவில்லை. பழைய திருட்டு ஒருமுறை சிறுகுற்றத்தைப் பெருங்குற்றமாக்கியது. அப்படிப் பிறந்த பெருங்குற்றத்தைப் பழைய ஸ்டிரைக்குகள் ஆயுள் தண்டனையாக்கின. முதலில் கூட்டல், பிறகு பெருக்கல்.

1995 நவம்பரில் ஆண்ட்ராடே என்பவர் ஆன்டாரியோ நகர் கேமார்ட் கடையில் ஐந்து வீடியோ கேசட்டுகளைக் கால்சட்டைக்குள் சொருகினார். விலை 84 டாலர் 70 சென்ட். பிடிபட்டார். பதினான்கு நாள் கழித்து மான்ட்க்ளேர் நகர் கேமார்ட்டில் நான்கு கேசட், 68 டாலர் 84 சென்ட். அங்கும் வாசலிலேயே பிடிபட்டார். எடுத்தவற்றில் ஸ்னோ ஒயிட்டும் சிண்ட்ரெல்லாவும் இருந்தன. ஒன்பது ஆண்டு ராணுவத்தில் இருந்தவர், மூன்று பிள்ளைகளின் தகப்பன். ஹெராயின் வாங்கக் காசு வேண்டித் திருடினேன் என்று அவரே சொன்னார். 1983இல் யாருமற்ற நேரம் பார்த்து வீடு புகுந்த மூன்று குற்றங்கள் அவர் கணக்கில் இருந்தன. கேசட்டுகளுக்கு இரண்டு முறை 25 ஆண்டு முதல் ஆயுள் வரை, ஒன்றன்பின் ஒன்றாக. அப்போது அவருக்கு 37 வயது. பரோல் கேட்கத் தகுதி வரும்போது 87.

மொத்தம் 153 டாலர் 54 சென்ட். ஐம்பதால் வகுத்தால் ஆண்டுக்கு 3 டாலர் 7 சென்ட். முன்னே ஒரு குற்றமும் செய்யாதவன் ஆத்திரத்தில் ஒருவரைக் கொன்று இரண்டாம் நிலைக் கொலைக்குத் தண்டனை பெற்றால், கலிஃபோர்னியாவில் 15 ஆண்டு முதல் ஆயுள் வரை. சிண்ட்ரெல்லாவைத் திருடுவதைவிட அவளைக் கொல்வது மலிவு.

2000இல் எல் செகுண்டோவில் இன்னொருவர், பெயர் ஈவிங். தலா 399 டாலர் விலையுள்ள மூன்று கோல்ஃப் மட்டைகளைக் கால்சட்டைக் காலுக்குள் விட்டுக்கொண்டு வண்டி நிறுத்துமிடத்துக்கு நடந்தார். மடங்காத காலோடு நொண்டி நடக்கும் ஆளைக் கடைக்காரர் கவனிக்காமல் இருப்பாரா? 25 ஆண்டு முதல் ஆயுள் வரை. தொழில் நேர்த்தி, நுணுக்கம், திட்டமிடல் என்று 4.421 பயப்படுகிறதே, அதன் நேர் எதிர்ப்பதம் இந்த ஆள். ரெடோண்டோ கடற்கரையில் குழந்தைகளிடமிருந்து ஒரு துண்டு பீட்சாவைப் பறித்தவருக்கும் அதே தண்டனை கிடைத்தது, பிற்பாடு குறைக்கப்பட்டது.

எப்படிக் குறைந்தது? 1996இல் ரொமேரோ வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம், நீதியின் பொருட்டுப் பழைய ஸ்டிரைக்கை ஒதுக்கிவைக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு என்றது. ஒருவழியாகக் கணக்குப்பிள்ளைக்குக் கழித்தல் குறி அறிமுகமாயிற்று. ஆனால் தலைமைக் கணக்கர்கள் சும்மா விடுவார்களா? இரண்டே ஆண்டில் இன்னொரு தீர்ப்பு. குற்றவாளி மூன்று ஸ்டிரைக் சட்டத்தின் 'உட்கருத்துக்கு' வெளியே நிற்பவர் என்று தோன்றினால்தான் ஒதுக்கலாமாம். ஒதுக்கினால் நீதிபதி காரணத்தைச் சொல்லிப் பதிய வேண்டும். ஒதுக்க மறுத்தால் காரணம் சொல்லும் கடமை இல்லை. இரக்கத்துக்கு விளக்கக் கடிதம் கேட்கிறார்கள். இரக்கமின்மைக்கு நிரந்தர விடுப்பு.

ஆண்ட்ராடே, ஈவிங் இருவரின் வழக்குகளும் வாஷிங்டன் வரை போயின. 2003 மார்ச் 5, ஒரே நாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள், இரண்டும் ஐந்துக்கு நான்கு. இரண்டிலும் எழுதியவர் நீதிபதி ஓ'கானர். கோல்ஃப் மட்டை வழக்கில், திரும்பத் திரும்பக் குற்றம் செய்கிறவனை ஒதுக்கிவைக்க மாநிலத்துக்கு நியாயமான அக்கறை உண்டு என்றார். கேசட் வழக்கு இன்னும் சுவையானது. மாநில நீதிமன்றம் 'தெளிவாக நிலைநாட்டப்பட்ட' சட்டத்தை மீறியிருந்தால்தான் கூட்டாட்சி நீதிமன்றம் தலையிடலாம் என்பது 1996ஆம் ஆண்டுச் சட்டம். தண்டனை குற்றத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாததாக இருக்கக் கூடாது என்ற கொள்கை தெளிவானதுதான் என்று ஒப்புக்கொண்டது பெரும்பான்மை. அதன் எல்லைக்கோடு எங்கே என்பதுதான் தெளிவில்லையாம், மிக மிக அரிதான வழக்குக்குத்தான் அது பொருந்துமாம். எல்லை எங்கிருக்கிறது என்று தெரியாது, ஆனால் இது எல்லையைத் தாண்டவில்லை என்று மட்டும் தெரியும்! இது பொருந்தாத தண்டனை இல்லை என்றால் அந்தக் கொள்கைக்கே அர்த்தமில்லை என்று மாறுபட்ட தீர்ப்பில் எழுதினார் நீதிபதி சூட்டர். நான்கு ஓட்டு, ஐந்தில் கழியாது.

இதே நீதிமன்றம் 1983இல், நூறு டாலருக்குச் செல்லாத காசோலை கொடுத்தவனுக்கு சௌத் டகோட்டா விதித்த பரோலற்ற ஆயுள் தண்டனையை ரத்து செய்திருக்கிறது. அதற்கு மூன்று ஆண்டு முன்பு, மூன்று மோசடிகளில் சேர்த்து 229 டாலர் 11 சென்ட் ஏய்த்தவனுக்கு டெக்சஸ் கொடுத்த ஆயுளை ஏற்றுக்கொண்டது. அங்கே பரோலுக்கு வழி இருந்ததாம். வழி 87ஆவது வயதில் திறந்தாலும் வழிதானே!

இங்கே ஒரு நிமிடம் ஏழாம் தலைப்பின் அறையை எட்டிப் பாருங்கள். 2015இல் டியூக் என்பவரின் உயில் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. உயில் 1984இல் கைப்பட எழுதியது. தானும் மனைவியும் ஒரே கணத்தில் இறந்தால் சொத்து இரண்டு அறநிறுவனங்களுக்கு என்று எழுதியவர், மனைவி முன்னே போய்விட்டால் என்ன என்று எழுத மறந்துவிட்டார். மனைவி 2002இல் போனார், அவர் 2007இல். சொத்து சுமார் 50 லட்சம் டாலர். எழுத்து எழுத்துதான், கீழ் நீதிமன்றங்களும் அப்படித்தான் சொல்லின. உச்ச நீதிமன்றம் மறுத்தது. உயிலின் வாசகம் தெளிவாகவே இருந்தாலும், எழுதியவர் மனதில் வேறொன்று இருந்தது என்று வலுவான சாட்சியத்தால் காட்ட முடிந்தால் உயிலையே திருத்தலாம் என்றது. நல்ல தீர்ப்பு, மனமாரச் சொல்கிறேன். மண்ணுக்குள் போனவர் மனதில் என்ன இருந்தது என்று எட்டு ஆண்டு கழித்தும் தோண்டித் தேடும் நீதி, எதிரே கூண்டில் நின்று 'ஹெராயினுக்காக எடுத்தேன்' என்கிறவன் வாயிலிருந்து வருவதைக் கேட்க மாட்டேன் என்கிறது. செத்தபின் எல்லோருக்கும் மனசு இருக்கிறது. அதற்கும் சொத்து வேண்டும்.

வாக்காளர்களையும் விட்டுவைக்க முடியாது. 2004இல் இந்தச் சட்டத்தைத் தளர்த்தும் 66ஆம் முன்மொழிவு கருத்துக்கணிப்புகளில் முன்னணியில் இருந்தது. கடைசி நேரத்தில் ஆளுநர் அர்னால்ட் ஸ்வார்ஸ்னேகர் தொலைக்காட்சி விளம்பரத்தில் தோன்றினார், மக்கள் நடுங்கிப்போய்த் தோற்கடித்தார்கள். வில்லன்களைத் திரையில் அடித்து நொறுக்கியவர் சொல்கிறார் என்றால் கேசட் திருடனும் வில்லனாகத்தானே இருக்க வேண்டும்? சுமார் 80,000 பேருக்கு என்று கட்டிய சிறைகளில் அதைப்போல இரு மடங்கு ஆட்கள். 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே, இது மனிதர் இருக்கும் இடமல்ல, கூட்டத்தைக் குறையுங்கள் என்ற உத்தரவை உறுதிசெய்தது. 2012இல் 36ஆம் முன்மொழிவு வந்து, மூன்றாவது குற்றமும் பாரதூரமாக இருந்தால்தான் ஆயுள் என்று மாற்றியது. ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களும் மனுப் போட்டு, முதல் ஆண்டிலேயே ஆயிரம் பேருக்கு மேல் வெளியே வந்தார்கள். வானம் இடிந்து விழவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். 2024இல் இன்னொரு முன்மொழிவு. இரண்டு முறை திருட்டுக்குத் தண்டனை பெற்றவன் மூன்றாவது முறை எவ்வளவு சிறிய தொகைக்குத் திருடினாலும் அதைப் பெருங்குற்றமாக்கலாம். ஆயுள் இல்லை, மூன்றாண்டு வரைதான், அந்த மட்டும் கருணை. பிரிவு எண் 666.1. புள்ளி ஒன்று, முன்னேற்றம். வால்மார்ட், டார்கெட், ஹோம் டிப்போ ஆகிய கடைகள் பணத்தை வாரி இறைத்தன. 68 சதவீத ஆதரவு. முன்மொழிவு எண்? 36. திறந்துவிட்ட கதவுக்கும் அறைந்து சாத்திய கதவுக்கும் ஒரே இலக்கம்.

அதே வாக்குச் சீட்டில் 6ஆம் முன்மொழிவும் இருந்தது. சிறையில் கட்டாய உழைப்பை மாநில அரசமைப்பிலிருந்து நீக்கலாமா என்ற கேள்வி. வேண்டாம் என்றார்கள். ஹாலிவுட்டும் சிலிக்கான் பள்ளத்தாக்கும் கொண்ட, முற்போக்கு என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்ட மாநிலம் இது. 2024 வரை சிறை வேலைக்கான கூலி பெரும்பாலும் மணிக்கு 8 முதல் 37 சென்ட் வரை. பிறகு இரட்டிப்பாக்கினார்கள், தாராளம் கண்ணைக் கூசுகிறது. அந்தக் கூலியிலும் நீதிமன்றம் போட்ட நட்டஈட்டு அபராதம் பாக்கியிருந்தால் பாதியைப் பிடித்துக்கொள்வார்கள். ஆ, இங்கே கழித்தல் தெரிகிறது கணக்குப்பிள்ளைக்கு! அப்படி மணிக்கு 37 சென்ட் வாங்கியவன், வாரம் 40 மணி நேரம் உழைத்து, பிடித்தம் ஒன்றும் இல்லாமலே, அந்தப் பத்து லட்சம் டாலர் வீட்டுக்கு வழக்குரைஞர் வாங்கிய 23,000 டாலரைச் சேர்க்க ஏறத்தாழ 30 ஆண்டு ஆகும். பாதி பிடித்தால் 60. அவனைப் பூட்டி வைக்க மாநிலம் இன்றைக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் செலவழிக்கிறது. மட்டை, கேசட் எதுவும் கடையை விட்டு வெகுதூரம் போகவில்லை, எல்லாம் பத்திரமாகக் கைப்பற்றப்பட்டன.

உள்ளே போனவர்களில் கறுப்பினத்தவர் பங்கு, மாநில மக்கள்தொகையில் அவர்கள் பங்கைப்போலப் பல மடங்கு. அறக்கட்டளைப் பத்திரம் எழுதிக்கொடுக்கும் அலுவலகங்களின் வரவேற்பறையில் எப்படி என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. ஊகிக்கச் சிரமமில்லை.

கேமார்ட் என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டுமல்லவா? பாதிக்கப்பட்ட தரப்பு ஆயிற்றே. ஆண்ட்ராடே வழக்கு இன்னும் முடியாமல் இருந்தபோதே, 2002 ஜனவரியில், கொடுக்க வேண்டிய கடனைக் கொடுக்க முடியாமல் அந்த நிறுவனம் சிகாகோ திவால் நீதிமன்றத்தில் தஞ்சம் புகுந்தது. பாக்கி நூற்றுக்கணக்கான கோடி டாலர்கள். நீதிமன்றம் பொறுமையாகக் கேட்டது, அவகாசம் கொடுத்தது, பொருட்கள் கொடுத்தவர்களுக்கும் கடன் கொடுத்தவர்களுக்கும் வர வேண்டியதில் பெரும்பகுதியைக் கழித்தது, நிறுவனம் புது வாழ்வு தொடங்கட்டும் என்று ஆசீர்வதித்தது. 2003 மே மாதம் கேமார்ட் கடன் சுமை இறங்கி வெளியே வந்தது. கேசட் வழக்கில் தீர்ப்பு வந்து அப்போது இரண்டு மாதம்.